ராயபுரத்தில் நான் கைதட்டியது

சென்னைக்குப் போய்வந்தேன் என்றதும் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: புடவை எடுத்தாயா? எடுக்கவில்லை. தி. நகர் பக்கமே போகவில்லை. மெரினா, கோயில், நகைக்கடை எதையும் பார்க்கவில்லை. போன இடமெல்லாம் ராயபுரமும் கொருக்குப்பேட்டையும்தான். அங்கே எதற்குப் போனாய் என்று அடுத்த கேள்வி வரும். வேலையாகப் போனேன் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதும்போது எதிரே முகம் இல்லை.

நான் டாக்டர்தான், ஊசி போடும் டாக்டர் இல்லை. உடலியங்கியல் ஆராய்ச்சியாளர். இதயத் தசையின் செல்லுக்குள் கால்சியம் எப்படிப் போய்வருகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பையிலிருந்து கொஞ்சம் கால்சியம் வெளியே வர வேண்டும்; வந்தால் தசை சுருங்கும். மறுபடி உள்ளே போக வேண்டும். போனால் தசை தளரும். அந்தப் பையின் வாயில் ஒரு கதவு உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாகச் சாத்தாது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது, சாதாரண இசிஜியும் சுத்தமாக இருக்கும். ஓடினாலோ பயந்தாலோ கால்சியம் நேரம்கெட்ட நேரத்தில் கசியும், இதயம் தாளம் தப்பும். சில சமயம் நின்றே போகும்.

ராயபுரத்தில் சின்னதாக ஓர் இதய மருத்துவமனை நடத்தும் டாக்டர் ஜெபமணி எனக்கு ஒரு மாநாட்டில் பழக்கமானவர். அவரிடம் ஒரு குடும்பம் வந்திருந்தது. மூத்த மகன் அசோக், பஸ்ஸைப் பிடிக்க ஓடி, ஏறி, உட்கார்ந்து, அப்படியே பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தவன். எழுந்திருக்கவில்லை. தங்கை கௌதமிக்குப் பத்தொன்பது வயது, கால்பந்து ஆடுகிறவள். ஜெபமணி சந்தேகப்பட்டு அவளுடைய ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அந்தக் கதவைச் செய்யும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அது ஆபத்தானதா இல்லையா என்று சொல்ல அதுவரை உலகத்தில் யாரிடமும் ஆதாரம் இல்லை. எனக்கு எழுதினார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதே மாற்றத்தைச் செல்லில் உண்டாக்கினோம். கால்சியம் இருக்கும் இடமெல்லாம் பச்சையாக ஒளிரச் சாயம் ஏற்றி, ஓடும்போது ரத்தத்தில் ஊறும் அட்ரினலினை ஒரு சொட்டு விட்டோம். கசிந்தது. பச்சை வெளிச்சம் ஒழுங்கில்லாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் மனிதருக்குள் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்ணை டாக்டரின் கண் முன்னால் ஓடவைத்து இசிஜி பார்த்தால்தான் தெரியும். நீங்களும் கூட இருங்கள் என்று ஜெபமணி கூப்பிட்டார். விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

முதல் அசிங்கம் வந்து இறங்கிய நாளே நடந்தது. கடற்கரை ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, வெளியே நின்ற ஓர் ஆட்டோக்காரரிடம் போனேன். என்னைவிட மூத்தவர். வடசென்னைப் பேச்சு எனக்குப் படங்களில் பார்த்துப் பழக்கம். வீட்டில் தம்பியும் நானும் பேசிக்காட்டிச் சிரிப்போம். அந்தத் துணிச்சலில், "இன்னா நைனா, ராயபுரம் வர்றியா?" என்று பல்லைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னாம்மா, கலாய்க்கிறியா? சினிமா பாத்துட்டு வன்ட்டியா?"

"ஸாரி அண்ணே. நான் மலேசியா."

"மலேசியான்னா உன் பேச்ச பேசு. எங்க பேச்சு எங்களாண்ட இருக்கட்டும். ஏறு."

வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவர் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இறங்கும்போது, "பேக்க வுட்டுட்டுப் போற பாரு" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் காது சூடு ஆறவில்லை.

தங்கும் அறையில் பையைப் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன். தெருமுனையில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பலகாரம் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மேலே ஒரு தட்டையை நொறுக்கிப்போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் மாமாக் கடையில் மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் வாணலியில் நெருப்போடு சண்டை போட்டு வரும்; இது அடுப்பையே பார்க்காமல் வருகிறது. தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். கடைக்காரர் கேட்காமலே இரண்டாம் முறை சூப் ஊற்றினார். அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டுமா என்று கேட்டேன். "சூப்புக்கெல்லாம் துட்டு வாங்குவாங்களா?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

மறுநாள் கௌதமியின் வீட்டுக்குக் கிளம்பினேன். பரிசோதனைக்கு முன்னால் குடும்பத்தைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது என்று ஜெபமணி சொல்லியிருந்தார். ராயபுரத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கொருக்குப்பேட்டை. இதில் தவற என்ன இருக்கிறது? எங்கள் ஊர் ரயிலில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஒரு பெண்குரல் பொறுமையாகச் சொல்லும். அந்தக் குரலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் வரவில்லை. மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் கேட்டார்.

"எங்கமா போற?"

"கொருக்குப்பேட்டை."

"அது போயி எம்மா நேரமாவுது! அடுத்தது எண்ணூரு."

எண்ணூரில் இறங்கி நின்றேன். புகைபோக்கிகள், சாம்பல் வாடை, தூரத்தில் கழிமுகத்தின் தண்ணீர். கிள்ளான் துறைமுகம் பக்கத்திலும் இப்படிக் கிரேன்களும் தொட்டிகளும் உண்டு, ஆனால் அங்கே வேலி போட்டு மறைத்துவைப்பார்கள். இங்கே தொழிற்சாலைச் சுவரில் துணி காய்கிறது. திரும்பும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார்ந்தால் மறுபடி கோட்டைவிடுவேன் என்ற பயத்தில்.

வீடு ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. ஒரே அறை, பின்னால் சமையல் தடுப்பு. சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே மாலை போட்ட அசோக்கின் படம். அம்மா தனம் தண்டையார்பேட்டையில் ஒரு மிளகாய்க் குடோனில் காம்பு கிள்ளும் வேலை செய்கிறார். நாற்காலியைத் துடைத்துப்போட்டார். நான் உட்கார்ந்த உடனே தும்மினேன்.

"என் பொடவ தான். எம்மா தோச்சாலும் போவாது" என்று தள்ளி உட்கார்ந்தார்.

கௌதமி ஒல்லியாக, உயரமாக, சிரித்த முகமாக இருந்தாள். அவளுடைய செல்லில் இருக்கும் கதவை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. "இன்னாக்கா, மூஞ்சில எதுனா ஒட்டிகினு கீதா?" என்று துடைத்துக்கொண்டாள்.

விஷயத்தை விளக்கினேன். கால்சியம் என்றதும் தனம் குறுக்கே வந்தார். "கம்மியா கீதா? நான் டெய்லி நெத்திலி ஆக்கிப் போட்டுகினுதான் கீறேன் டாக்டரம்மா. பாலு கூட வாங்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "கம்மி இல்லம்மா. அளவு சரியாத்தான் இருக்கு. வெளிய வர்ற நேரம் தப்பா இருக்கலாம்னு சந்தேகம்."

"நம்ம கேட்டு மாரிமா" என்றாள் கௌதமி. "சாத்த வேண்டிய டைம்ல தொறந்துகினா இன்னா ஆவும்? அதான் சொல்றாங்க."

அடடா, மாணவர்களுக்கு இனி இதைத்தான் சொல்ல வேண்டும் என்று உடனே மனசில் போட்டுக்கொண்டேன். எதிரே ஒரு தாய் மகளின் உயிரைப் பற்றிப் பேசுகிறார், என் புத்தி அடுத்த பருவத்தின் வகுப்பில் நிற்கிறது.

அசோக் போனதிலிருந்து கௌதமி மைதானத்துக்குப் போகக் கூடாது என்று தனம் கட்டளை போட்டிருந்தார். பந்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். இதற்கு நடுவில் விளையாட்டு கோட்டாவில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், தேர்வு அடுத்த வாரம். வேலை கிடைத்தால் அம்மா மிளகாய்க் குடோனுக்குப் போக வேண்டாம் என்பது மகளின் கணக்கு. பெண் கண்ணெதிரில் மூச்சோடு இருந்தால் போதும் என்பது அம்மாவின் கணக்கு. இரண்டு பேரும் நாளைய பரிசோதனையைத்தான் நம்பியிருந்தார்கள்.

"நாளைக்கு அந்த மிஷின்ல ஒண்ணும் வர்லன்னா இவள அனுப்பலாம் இல்ல?" என்று கேட்டார் தனம்.

"அது டாக்டர் ஜெபமணி சொல்லணும்மா."

"நீ இன்னா நெனக்கிற?"

"பாப்போம்மா" என்றேன்.

நான் என்ன நினைத்தேன்? அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது அது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. நாளைக்கு அது வர வேண்டும் என்று நினைத்தேன். வந்தால் எங்கள் தட்டில் கண்டது உண்மை என்று ஆகிவிடும். வராவிட்டால் பல வருட உழைப்பு 'சுவாரசியமான தகவல்' என்ற அளவில் நின்றுவிடும். அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனசால் நினைக்க முடிந்தது, தூக்கமும் வந்தது.

பரிசோதனை நாள் காலையில் ஜெபமணி இட்லியும் வடகறியும் வரவழைத்திருந்தார். தூத்துக்குடிக்காரர், ராயபுரத்தில் இத்தனை வருடம் இருந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. "நல்லாச் சாப்பிடுங்க மேடம். தூங்குனீயளா?" என்றார். வடகறி அபாரம். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கௌதமி விளையாட்டுச் சட்டையோடு வந்தாள். தனம் நல்ல புடவை கட்டியிருந்தார். டிரெட்மில் என்கிற ஓட்டப் பட்டை இருந்த அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் திரைதான். தனத்தைத் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே ஜெபமணி, ஒரு நர்ஸ், நான். அவசரத்துக்கு வேண்டிய மருந்து, மின்னதிர்ச்சிக் கருவி எல்லாம் தயாராக இருந்தன. நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பட்டையை மெல்ல ஓடவிட்டார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. நடந்தாள். வேகம் கூட்டினார்கள். இசிஜி மானிட்டரில் கோடு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி கூட்டினார்கள். ஓடத் தொடங்கினாள். ஓடும்போது அவள் முகமே வேறு, பல நாள் பட்டினி கிடந்து சாப்பிடுகிற முகம். நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தது. பிறகு இரண்டு. பிறகு திடீரென்று கோடு மாறியது. ஒரு துடிப்பு மேல்நோக்கி, அடுத்தது கீழ்நோக்கி, மறுபடி மேலே, மறுபடி கீழே. இந்த நோய்க்கென்றே இருக்கும் கையெழுத்து அது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். மனித உடம்பிலிருந்து வந்து பார்த்ததில்லை.

நான் கைதட்டினேன். குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். "சூப்பர்! அதேதான்! அதேதான்!" என்று கத்தினேன்.

"மேடம்!" என்றார் ஜெபமணி. அதற்குள் பட்டையை நிறுத்தி, கௌதமியைத் தாங்கிப் படுக்கையில் கிடத்தியிருந்தார். "லேசா தல சுத்துது சார்" என்றாள் அவள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு தானாகச் சீரானது. ஜெபமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்தார். நெஞ்சுவலி என்று ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜெபமணி போகும் முன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நான் வந்து மருந்து எழுதித் தாரேன். மருந்து எடுத்தா நல்லா இருக்கலாம், ஆனா ஓட்டம், மேட்ச்சு கூடாது. அம்மாகிட்ட நீங்க பக்குவமாச் சொல்லிருங்க. நான் வார வரைக்கும் உக்காரச் சொல்லுங்க."

"சரி டாக்டர்" என்றேன்.

இதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். இயந்திரம் கக்கிய இசிஜித் தாளை எடுத்தேன். போனில் படம் பிடித்தேன். தாள் வழுவழுப்பு, விளக்கொளி பட்டுப் படம் வெளிறிப்போனது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இன்னொரு படம். அதில் என் விரல் நிழல் விழுந்தது. இன்னொன்று. நன்றாக வந்ததைக் கிள்ளானுக்கு, என் ஆய்வுக்கூடத்து ஆட்களின் குழுவுக்கு அனுப்பினேன். உடனே பதில்கள் குவிந்தன. கைதட்டும் கைகள், பட்டாசு, கேக். 'நம்ம தட்டுல பாத்த அதே விஷயம்!' என்று ஒருவன் எழுதினான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டேன். நாங்கள் கண்டது சரி. அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

திரும்பியபோது படுக்கை காலி. திரையை விலக்கி வெளியே வந்தால் பெஞ்சும் காலி.

"அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களே மேடம்" என்றார் நர்ஸ். "நீங்க சொல்லிட்டீங்கன்னு நெனச்சு கம்பிய எல்லாம் எடுத்து வுட்டுட்டேன். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கை குடுத்துட்டுப் போனாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த தாய்க்குக் கேட்டது என்ன? மலேசியாவிலிருந்து வந்த டாக்டரம்மா கைதட்டி, சூப்பர் என்று கத்தியது. அதற்குமேல் அவருக்கு என்ன ரிசல்ட் வேண்டும்? பல நாள் ஓடாததால் வந்த தலைசுற்றல் என்று கௌதமியும் நினைத்திருப்பாள்.

தனத்தின் எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. ஜெபமணி நெஞ்சுவலிக்காரரோடு உள்ளே இருந்தார். கதவைத் தட்டிச் சொன்னேன். "சொல்லலையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். "நான் இவரை விட்டு வர முடியாது. நீங்க போங்க. ஓடுனா நிறுத்துங்க. சத்தம் போடாதீய, பதட்டப்படுத்தாதீய. நான் மாத்திரையோட வாரேன்."

அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். தண்டையார்பேட்டை போய்ச் சேர்வதற்குள் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள், முன்னும் போகவில்லை பின்னும் வரவில்லை. "இன்னாண்ணா, எப்போ நவுரும்?" என்று ஒரு பயணி கேட்டார். "சாயந்தரம் நவுரும்" என்றார் டிரைவர், ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டே. இறங்கி நடந்தேன். பிறகு ஓடினேன். இந்த வயதில், அந்த வெயிலில், பைக்கில் போகிறவர்கள் திட்டத் திட்ட ஓடினேன்.

கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் சர்வசாதாரணமாகக் குனிந்து, இரண்டு வேகன்களுக்கு நடுவில் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போனார்கள். நான் தயங்கி நின்றேன். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண், "இன்னாமா வேடிக்க பாத்துகினு கீற? வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கம் இறங்கியபோது சட்டை முழுக்கக் கருப்பு மசி.

சந்து முனையிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. தனம் வாசலில் லட்டு டப்பாவோடு நின்றிருந்தார். சுற்றிலும் நான்கைந்து பெண்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தோ, டாக்டரம்மாவே வன்ட்டாங்க! வாய தொற."

"அம்மா, கௌதமி..."

"மொதல்ல வாய தொற."

லட்டு வாய்க்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ நல்லா இருப்ப தாயி. இவ அழுவாத நாளு கெடையாது." துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் நின்றேன். அந்தக் கூட்டத்தில் நான் எப்படிச் சொல்வேன்?

"கௌதமி எங்கம்மா?" என்றேன் வாயில் இருந்ததை ஒருவழியாக முழுங்கிவிட்டு.

"கிரவுண்டுக்கு அனுப்பிட்டேன். நானே பந்த எடுத்துக் குடுத்தேன். குட்டி போட்ட பூன மாரி சுத்திகினு இருந்துச்சி, போய் ஆடட்டும்னு அனுப்பிட்டேன்."

"கிரவுண்டு எந்தப் பக்கம்?"

என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டார். லட்டு டப்பாவை மூடாமலே கையை நீட்டிக் காட்டினார். நான் நடந்தேன். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்தது.

மைதானம் சரக்கு யார்டை ஒட்டிய மண்தரை. ஏழெட்டுப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கௌதமி இடது ஓரத்தில் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்ன வேகம்! பெயர் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவளுடைய செல்லுக்கு அட்ரினலின் என்ன செய்யும் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. திடீரென்று ஒரு அலறல் கேட்டு அவள் திடுக்கிட்டால், அதுவே போதும். ஓடிப்போய்ப் பிடிக்கவும் பயம். கத்தவும் கூடாது, அவள் ஓடவும் கூடாது.

மைதானத்துக்குள் நடந்தேன், ஏதோ கடைக்குப் போகிறவளைப் போல. பந்து ஒருத்தியின் காலில் பட்டு என் பக்கமாக உருண்டு வந்தது. குனிந்து கையால் எடுத்தேன். கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், யாருமா அது?"

"ஆட்டத்த கலீஜ் பண்ணிகினு! பந்த குடும்மா!"

"இன்னாடா பேஜாராப் போச்சி!" என்று தலையில் கைவைத்தார் பயிற்சியாளர்.

மசி அப்பிய சட்டையோடு, வியர்வை வழிய, பந்தைத் தர மாட்டேன் என்று மண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? எல்லோரும் சிரித்தார்கள். கௌதமியும் சிரித்தாள். நின்றாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். எனக்கு வேண்டியது அதுதான்.

"இன்னாக்கா, நீங்களும் ஆட வந்தீங்களா?"

"ஆமா. உக்காரு. கொஞ்ச நேரம் சும்மா உக்காரு."

உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தேன். வேகமாக அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கும் வரை எதுவும் பேசவில்லை. அதற்குள் தனம் வந்துவிட்டார். மகளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். அண்ணனுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிற அதே கோளாறு உனக்கும் இருக்கிறது. இன்றைக்கு அது இயந்திரத்தில் தெரிந்தது. பயப்படாதே, மருந்து இருக்கிறது, தினமும் விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம். வேலை செய்யலாம், ஊர் சுற்றலாம். ஓடி ஆடும் ஆட்டம் வேண்டாம். ஜெபமணி மாத்திரையோடு வந்துகொண்டிருக்கிறார்.

கௌதமி பந்தைப் பார்த்தாள். நான் இன்னும் அதைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"கோல் போஸ்ட்டாண்ட கோலியா நிக்கலாமா? கோலி ஓட வேணாமே."

"தெரியலம்மா. டாக்டரக் கேப்போம்."

அவள் தலையை ஆட்டினாள். பந்தை என் மடியிலிருந்து எடுத்துத் தோழிகள் பக்கமாகக் கையால் உருட்டிவிட்டாள். அவர்கள் ஆடவில்லை, தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனம் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என் போன் சட்டைப் பையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கிள்ளானில் இன்னும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"காலைலயே தெரிஞ்சிச்சா?" என்று கேட்டார் தனம்.

"ஆமாம்மா."

"மிஷின் ஓடிகினு இருந்தப்பவே?"

"ஆமா."

"அப்போ இன்னாத்துக்கு டாக்டரம்மா கைதட்டுன?"

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதற்றத்தில் தட்டினேன் என்று சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

"சந்தோஷத்துலதாம்மா தட்டினேன்" என்றேன். "நாங்க ரொம்ப வருஷமா ஒண்ணு நெனச்சிருந்தோம். அது சரின்னு தெரிஞ்சுது. அதுக்குத் தட்டினேன். உங்க பொண்ணு மிஷின் மேல ஓடிக்கிட்டிருக்காங்கிறது அந்த நேரத்துல ஞாபகம் இல்ல."

தனம் மடியில் இருந்த லட்டு டப்பாவை மூடினார்.

"உள்ள நீ தட்டுன சத்தம் கேட்டுச்சி" என்றார். "வெளிய நானும் தட்டுனேன்."